சிறிய வண்டியும் பெரிய மலையும்

தார் வீதி எல்லா வீடுகளுக்கும் போவதில்லை. நகரத்திலிருந்து புறப்படும் அகன்ற வீதி ஊர்களைத் தொட்டுச் செல்லுகின்றது. அதிலிருந்து கல்வீதி பிரிகின்றது. கல்வீதியிலிருந்து மண்பாதை பிரிகின்றது. மண்பாதையும் ஓரிடத்தில் ஆற்றங்கரையிலோ மலைச்சரிவிலோ முடிந்துவிடுகின்றது. ஆனால் மனிதர் அங்கே முடிந்துவிடுவதில்லை. அதற்கப்பாலும் குடிசைகள் உள்ளன; அவற்றில் நோயாளிகள் உள்ளனர்; பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் தாய்மார் உள்ளனர்; விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியறியாத உழவர் உள்ளனர். வீதி எங்கே முடிகின்றதோ அங்கேதான் வண்டியின் தேவை மிகுதியாகத் தொடங்குகின்றது. வண்டியோ பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றது.

வழியில்லாத வழியிலும் செல்லவல்ல வண்டியை மனிதன் படைக்காமல் விடவில்லை. படைத்தான், ஆயினும் நெடுங்காலம் அது படைகளுக்கும் அரசாங்கங்களுக்கும் செல்வர்க்குமே உரியதாக இருந்தது. அத்தகைய வண்டியொன்று எளியவர் கைக்கு எட்டியது எவ்வாறு? அதற்குக் காரணமாக நின்றது பெருஞ்செல்வமோ பேராற்றலோ அன்று. ஒரு நாட்டின் வரிச்சட்டம் விதித்த கட்டுப்பாடே அதற்குக் காரணம் என்றால் கேட்போர்க்கு வியப்பாயிருக்கும். சுசுக்கி ஜிம்னி என்னும் சிறிய யப்பானிய வண்டியின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் மூத்தது அமெரிக்க ஜீப். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்துறை, நான்கு சில்லுகளும் இழுக்கும் இலேசான வண்டியொன்றை வேண்டியது. 1940 ஆம் ஆண்டில் பாண்டம் என்னும் சிறிய கம்பனி முதல் மாதிரியைச் செய்துகொடுத்தது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய கம்பனிகள் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. வட ஆபிரிக்க மணலிலும் பர்மாவின் காட்டுச் சேற்றிலும் அவை ஓடின. போர் ஓய்ந்தபின் பல நாட்டு மக்கள் அவ்வண்டியைக் கண்டு, இது கலப்பைக்கும் உதவுமே, மருத்துவருக்கும் உதவுமே என்று எண்ணத் தொடங்கினர்.

அந்த எண்ணத்தின் பயனாக 1948 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் லாண்ட் ரோவர் தோன்றியது. யப்பானில் 1951 ஆம் ஆண்டில் டொயோட்டாக் கம்பனி தன் முதல் ஜீப் வகை வண்டியைச் செய்தது. அதுவே பின்னர் லாண்ட் குரூசர் என்று பெயர் பெற்றது. மிட்சுபிசிக் கம்பனி அமெரிக்கரிடம் உரிமை பெற்று, 1953 ஆம் ஆண்டு முதல் ஜீப்பையே யப்பானில் செய்யத் தொடங்கியது. இவை யாவும் உறுதியான வண்டிகள், நல்ல வண்டிகள், ஆயின் பெரிய வண்டிகள். ஒரு ரொன்னுக்கும் மேற்பட்ட எடை உடையவை. பெற்றோலை மிகுதியாக உண்பவை. அவற்றை வாங்கியோர் பெரும்பாலும் காவற்படையினர், மின்சாரத் திணைக்களத்தினர், காட்டு இலாகாவினர் போன்றோரே. தனியொரு மரவெட்டியோ மலைநாட்டு உழவனோ அவற்றின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிச் செல்லவேண்டியதுதான்.

யப்பான் நாட்டின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். அந்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு மலையும் காடும். மேற்குக் கரையோரப் பிரதேசங்களில் மாரிகாலத்திற் பனி ஆளுயரத்துக்குக் குவிவதுண்டு. மலைக்கிராமங்களுக்குச் செல்லும் பாதைகள் ஒடுங்கியவை. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அகன்ற வண்டிக்கு அங்கே திரும்பவும் இடமில்லை. ஆகவே அந்நாட்டு மலைவாழ் மக்களுக்குப் பெரிய ஜீப் விலையால் மட்டுமன்றி உருவத்தாலும் எட்டாததாயிருந்தது.

போருக்குப் பின் வறுமையுற்றிருந்த யப்பானில், மக்கள் சிறிய வண்டிகளையாவது வாங்கட்டும் என்னும் நோக்கத்துடன் 1949 ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு புதிய வகுப்பை வகுத்தது. அதற்குக் கெய் என்று பெயர். இலேசானது என்பது அச்சொல்லின் பொருள். குறித்த அளவுக்குள் அடங்கும் வண்டிகளுக்கு வரி குறைவு. 1950 களின் நடுப்பகுதியில் அவ்வளவுகள் நிலைபெற்றன. நீளம் 3 மீற்றர், அகலம் 1.3 மீற்றர், எஞ்சினின் கொள்ளளவு 360 கன சென்ரிமீற்றர். இவற்றுக்கு ஒரு விரலளவு மேற்பட்டாலும் சலுகை இல்லை. எஞ்சினின் அளவு எத்துணைச் சிறியது என்பதை உணர வேண்டுமாயின், போர்க்கால ஜீப்பின் எஞ்சின் ஏறத்தாழ 2,200 கன சென்ரிமீற்றர் கொண்டது என்பதை நினைத்தாற் போதும். ஆறில் ஒரு பங்கு!

இந்தச் சிறு கூட்டுக்குள் மலையேறும் வண்டியொன்றை அடக்கலாம் என்று துணிந்தது ஹோப் மோட்டார் என்னும் மிகச் சிறிய கம்பனி. முச்சில்லு வண்டிகள் செய்துவந்த அக்கம்பனியின் தலைவர் ஓனோ சடாவோ என்பவர். 1960 களின் பிற்பகுதியில் அவர் ஹோப்ஸ்டார் ஓ.என். 360 என்னும் வண்டியை வெளியிட்டார். நான்கு சில்லுகளும் இழுக்கும் அவ்வண்டிக்கு எஞ்சின் மிட்சுபிசிக் கம்பனியிடம் வாங்கப்பட்டது. எண்ணம் பெரிது, கைப்பணம் சிறிது. மிகச் சில வண்டிகளே செய்யப்பட்டன. 1968 ஆம் ஆண்டில் அவ்வண்டியின் உரிமை சுசுக்கிக் கம்பனிக்கு விற்கப்பட்டது.

சுசுக்கிக் கம்பனியும் தொடக்கத்தில் வண்டி செய்த கம்பனி அன்று. மிச்சியோ சுசுக்கி என்பவர் 1909 ஆம் ஆண்டில் ஹமாமட்சு நகரில் நெசவுத்தறி செய்யும் தொழிற்சாலையாக அதனைத் தொடங்கினார். 1950 களில் மோட்டார்ச் சைக்கிள்களும் சிறிய கார்களும் அங்கே உருவாயின. ஹோப் வண்டியின் உரிமையை வாங்கவேண்டும் என்று முனைந்து நின்றவர் அக்குடும்பத்தில் மருமகனாகப் புகுந்து அக்குடும்பப் பெயரையே ஏற்ற ஒசாமு சுசுக்கி. கம்பனிக்குள் எதிர்ப்பு இருந்தது. விற்கமுடியாமல் ஒருவர் கைவிட்ட வண்டியை நாம் ஏன் வாங்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் அவர் தம் கருத்தை விடவில்லை. பின்னர் 1978 ஆம் ஆண்டில் அக்கம்பனியின் தலைவரானார். நெடுங்காலம் அதனை நடத்தி, 2024 ஆம் ஆண்டு டிசம்பரில் தமது தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார்.

1970 ஆம் ஆண்டு ஏப்பிரலில் முதல் ஜிம்னி விற்பனைக்கு வந்தது. எல்.ஜே. 10 என்பது அதன் குறிப்பெயர். 359 கன சென்ரிமீற்றர் எஞ்சின், காற்றினாற் குளிர்விக்கப்படுவது, 25 குதிரைவலு. வண்டியின் எடை ஏறத்தாழ 600 கிலோகிராம். விலை ஐந்து இலட்சம் யென்னுக்கும் குறைவு. கதவுக்குப் பதிலாகத் துணி, கூரைக்கும் துணி. மூன்று மீற்றர் நீளத்துக்கு மேற்படக்கூடாது என்ற விதி இருந்தமையால் மேலதிகச் சில்லைப் பின்புறத்தில் தொங்கவிட முடியவில்லை. ஆகவே அதனை வண்டியின் உள்ளே, சாரதிக்குப் பின்னால் வைத்தனர். அச்சில்லு ஓர் ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது; எனவே அவ்வண்டி மூவருக்கு மட்டுமே உரியதாயிற்று. சட்டத்தின் கோடு வண்டியின் உடலில் எவ்வாறு பதிந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இருபத்தைந்து குதிரைவலு என்பது அற்பமே. நகரத்து மோட்டார்ச் சைக்கிள் ஒன்றே இன்று அதனினும் மிகுந்த வலுவுடையதாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் அது மலையேறியது எவ்வாறு? இங்கேதான் நேயர்கள் வண்டி நகரும் முறையைச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும்.

சாதாரண காரில் இரண்டு சில்லுகளே இழுக்கின்றன. மற்ற இரண்டும் உருண்டு வருகின்றன. சேற்றில் இழுக்கும் சில்லுகள் புதைந்தால், மற்றச் சில்லுகள் உறுதியான தரையில் நின்றாலும் பயனில்லை. நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியில் வண்டியின் எடை முழுவதுமே பிடிப்புக்கு உதவுகின்றது. முன்சில்லுகள் பள்ளத்தில் நழுவினாற் பின்சில்லுகள் தள்ளும். பின்சில்லுகள் நழுவினால் முன்சில்லுகள் இழுக்கும். ஒரு மாடு சறுக்கினாலும் மற்ற மாடு நுகத்தைத் தாங்கிக்கொள்வதுபோல என்று சொல்லலாம். ஜிம்னியில் இந்த இணைப்பைச் சாரதி தம் விருப்பப்படி பூட்டவும் கழற்றவும் முடியும். நல்ல தார் வீதியில் அதனைக் கழற்றி வைத்தல் வேண்டும். வளைவுகளில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடச் சற்று நீண்ட தூரம் ஓடுகின்றன. இரண்டையும் இறுகப் பூட்டிவிட்டால் அந்த வேறுபாடு எங்கும் கழியமுடியாமல் அச்சுகளையும் பற்சில்லுகளையும் முறுக்கிவிடும். சேற்றிலும் மணலிலும் சில்லு சிறிது சறுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

இரண்டாவது உபாயம் தாழ்ந்த கியர். ஒருவன் பாரமான கல்லைக் கையாற் புரட்டமுடியாதபோது நீண்ட அலவாங்கைச் செருகி மெல்ல நெம்புகின்றான். தூரம் குறைகின்றது; விசை கூடுகின்றது. ஜிம்னியில் வழமையான கியர்ப் பெட்டியை அடுத்து மற்றொரு சிறு பெட்டி உண்டு. அதன் பிடியை மாற்றினால் வண்டியின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். சில்லுகளின் இழுவிசை ஏறத்தாழ இருமடங்காகும். நடந்து செல்லும் மனிதனைவிட மெதுவாக வண்டி ஊர்ந்து ஏறும். சிறிய எஞ்சின் பெரிய வேலை செய்வதன் இரகசியம் இதுவே. காலத்தைக் கொடுத்து வலுவை வாங்குதல் என்று இதனைக் கூறலாம்.

மூன்றாவதாகக் குறிப்பிடவேண்டியது வண்டியின் அமைப்பு. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடல் தனியே பொருத்தப்பட்டுள்ளது. முன்னும் பின்னும் அச்சு ஒரே உறுதியான தண்டாக ஒரு சில்லிலிருந்து மற்றச் சில்லுவரை செல்கின்றது. ஒரு சில்லு கல்லின்மேல் ஏறினால் அத்தண்டு மறுபுறச் சில்லைக் கீழே அழுத்துகின்றது. ஆகவே நிலத்தை விட்டு எளிதிற் சில்லு எழும்புவதில்லை. இன்னும், முன்சில்லுக்கு முன்னாலும் பின்சில்லுக்குப் பின்னாலும் உடல் அதிகம் நீண்டிருப்பதில்லை. நீண்ட மூக்குடைய வண்டி மேட்டை அணுகும்போது சில்லு மேட்டைத் தொடுமுன் மூக்கே முட்டிக்கொள்ளும். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் தலைமுறை ஜிம்னி 37 பாகை சரிவுள்ள மேட்டையும் முகம் முட்டாமல் அணுகவல்லது. 49 பாகை சரிவிலிருந்தும் பின்புறம் உரசாமல் இறங்கவல்லது. அதன் அடிவயிறு நிலத்திலிருந்து 210 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ளது. விலையில் அதற்குப் பன்மடங்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இந்த அளவுகள் எளிதில் வாய்ப்பதில்லை.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய சிறப்பு இலேசாயிருத்தல். சேற்று நிலத்தில் யானை அமிழ்ந்துபோகும். ஆடு தாண்டிச் செல்லும். எடை கூடிய வண்டி தன் எடையாலேயே தன் குழியைத் தோண்டிக்கொள்கின்றது. அதை வெளியே எடுக்க மற்றொரு பெரிய வண்டி வேண்டும். அறுநூறு கிலோகிராம் எடையுள்ள வண்டியோ புதைந்தால் ஊரார் எண்மர் சேர்ந்தாற் போதும். ஆளுக்கு எழுபத்தைந்து கிலோகிராம். ஒருபுறத்தை மட்டும் தூக்குவதாயின் அதனினும் பாதி. ஆளரவமற்ற காட்டில் மனிதரின் கையாலேயே மீட்கக்கூடிய வண்டி எத்துணைப் பெரிய துணை என்பதை அத்தகைய இடங்களில் வாழ்பவர் அறிவர். வலிமை என்பது பெருக்கிக்கொள்வதில் மட்டும் இல்லை. சுமையைக் குறைப்பதிலும் உண்டு. பரந்த பட்டறையும் மிகுந்த பணமும் இருந்திருந்தால் பொறியியலாளர் பெரிய எஞ்சினைப் பொருத்தியிருப்பர், வண்டி பெருத்திருக்கும், விலையும் பெருத்திருக்கும். சட்டம் விடவில்லை. விடாதது நன்மையாயிற்று.

வண்டி மெல்ல மெல்ல வளர்ந்தது. 1972 ஆம் ஆண்டில் நீரினாற் குளிர்விக்கப்படும் எஞ்சின் வந்தது. 1976 ஆம் ஆண்டில் யப்பானியச் சட்டம் 550 கன சென்ரிமீற்றர் வரை இடங்கொடுத்தது. வண்டியும் அதற்கேற்ப வளர்ந்தது. அடுத்த ஆண்டில் வெளிநாட்டாருக்கென 797 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் எல்.ஜே. 80 செய்யப்பட்டது. அவுஸ்திரேலியப் பண்ணையாளர் அதனை விரும்பி வாங்கினர். 1980 களின் தொடக்கத்தில் எஸ்.ஜே. 410 என்னும் இரண்டாம் தலைமுறை வண்டி ஏறத்தாழ ஒரு லீற்றர் எஞ்சினுடன் உலகெங்கும் பரவியது. ஸ்பெயினில் அது செய்யப்பட்டது, பாகிஸ்தானில் செய்யப்பட்டது, இந்தியாவிலும் செய்யப்பட்டது. 1998 ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறை வந்தது; அதற்கு முன்னரே, 1995 ஆம் ஆண்டில், வில்லுத்தகடுகள் நீங்கிச் சுருள்வில்கள் இடம்பெற்றன. பயணிகளின் முதுகுக்கு அன்றுதான் சிறிது நிம்மதி கிடைத்தது.

இந்தியாவில் அதன் கதை தனிக் கதை. மாருதிக் கம்பனி 1985 ஆம் ஆண்டு டிசம்பரில் சற்று நீண்ட உடலுடன் அதனை ஜிப்சி என்னும் பெயரில் வெளியிட்டது. ஒரு ரொன்னுக்கும் குறைந்த எடையுள்ள அவ்வண்டி இந்தியப் படையில் ஆயிரக்கணக்கிற் சேர்க்கப்பட்டது. இமயமலையின் உயர்ந்த கணவாய்களில், காற்றே மெலிந்து எஞ்சினும் மனிதனும் மூச்சுத் திணறும் இடங்களில், அது ஓடியது. காவற்படையினர் அதில் ஏறினர். மலைப் பந்தயக்காரர் அதில் ஏறினர். ரந்தம்பூர் போன்ற சரணாலயங்களிற் புலி பார்க்கச் சென்றோரும் அதிலேயே ஏறினர். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பெரிய மாற்றமெதுவுமின்றி அது செய்யப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. பாதுகாப்புப் பற்றிய புதிய விதிகளுக்கு அந்தப் பழைய உடல் ஈடுகொடுக்கவில்லை.

இவ்வண்டி எட்டிய உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென் அமெரிக்காவில், சிலி நாட்டுக்கும் ஆர்ஜென்ரினாவுக்கும் எல்லையாக ஓகோஸ் டெல் சலாடோ என்னும் எரிமலை நிற்கின்றது. அதன் உயரம் 6,893 மீற்றர். 2007 ஆம் ஆண்டு ஏப்பிரலில் சிலி நாட்டவர் இருவர், மாற்றியமைக்கப்பட்ட ஒரு சுசுக்கி வண்டியை அம்மலையில் 6,688 மீற்றர்வரை செலுத்தினர். நான்கு சில்லு வண்டியெதுவும் அதுவரை அத்துணை உயரம் சென்றதில்லை. பின்னர் மிகப் பெரிய வண்டிகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. ஆயினும் கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதற்கு அம்மலை சாட்சியாக நின்றது.

புகழ்ச்சி மட்டும் கூறி முடித்தல் நடுவுநிலைமை ஆகாது. இவ்வண்டிக்குக் குறைகளும் உண்டு. அக்குறைகள் அதன் நிறைகளிலிருந்தே பிறந்தவை. குறுகிய உடலும் உயர்ந்த நிலையும் மலைப்பாதைக்கு நன்மை. விரைந்து செல்லும் பெருவீதியில் அவையே ஆபத்து. 1988 ஆம் ஆண்டில் அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகையொன்று, சடுதியாகத் திருப்பும்போது இவ்வண்டி கவிழக்கூடியது என்று கூறி, ஏற்கத்தகாதது என மதிப்பிட்டது. வண்டியைத் திரும்பப் பெறச் செய்யவேண்டும் என்ற கோரிக்கையை அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிருவாகம் அவ்வாண்டிலேயே ஏற்க மறுத்தது. கம்பனி பின்னர் அச்சஞ்சிகையின்மீது வழக்குத் தொடர்ந்தது. 2004 ஆம் ஆண்டில் இருதரப்பாரும் இணக்கத்துக்கு வந்தனர். வழக்கு எவ்வாறு முடிந்தாலும் பாடம் ஒன்றுதான். உயர்ந்து ஒடுங்கிய வண்டியை அதன் இயல்பறிந்து ஓட்டுதல் வேண்டும். மேலும், பின்னாசனத்தில் ஆள் இருந்தால் பொதிக்கு இடமில்லை; பொதி இருந்தால் ஆளுக்கு இடமில்லை. நீண்ட பயணத்தில் உடல் நோகும். மலைக்கென்று பிறந்த வண்டியிடம் மாளிகையின் சுகத்தை எதிர்பார்த்தல் ஆகாது.

வண்டி எத்துணைச் சிறந்ததாயினும் அதனைச் செலுத்துபவரின் அறிவே முதன்மையானது. அனுபவமுள்ள சாரதி கடினமான இடத்தைக் கண்டவுடன் வண்டியைப் பாய்ச்சுவதில்லை. இறங்குகின்றார், முதலில் நடந்து பார்க்கின்றார். ஆற்றைக் கடப்பதாயின் கோலொன்றால் ஆழம் அறிகின்றார். நீரோட்டம் வலியதாயின் திரும்பிவிடுகின்றார். சேற்றில் இறங்கியபின் கியர் மாற்றுவதைத் தவிர்ப்பதற்காக, இறங்குமுன்பே தாழ்ந்த கியரைப் பூட்டிக்கொள்ளுகின்றார். மணலில் ரயரின் காற்றைச் சிறிது குறைக்கின்றார். ரயர் பரந்து மணலின்மேல் மிதக்கின்றது. உறுதியான வீதிக்கு வந்ததும் மறவாமல் மீண்டும் நிரப்புகின்றார். செங்குத்தான இறக்கத்தில் பிறேக்கை அழுத்திப்பிடியாமல், தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைத் தடுத்துக்கொள்ள விடுகின்றார். சரிவை ஏறுவதாயின் நேராக ஏறுகின்றார்; குறுக்காக ஏறினாற் கவிழும் என்பது அவருக்குத் தெரியும். இவற்றுள் ஒன்றுக்கும் பெரிய எஞ்சின் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

இன்னொரு கடமையும் அவருக்கு உண்டு. பாதையில்லாத நிலம் என்றால் அது யாருக்கும் பயன்படாத நிலம் என்பது பொருளன்று. மலைப்புற்றரையில் ஒருமுறை பதிந்த சில்லுத்தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகின்றது, வாய்க்கால் மண்ணரிப்பாகின்றது. ஈர நிலத்தில் பறவைகள் முட்டையிடுகின்றன; ஆற்றுமணலில் மீன்கள் சினையிடுகின்றன. தேவைக்காகச் செல்பவன் ஏற்கனவே உள்ள தடத்திலேயே செல்லுகின்றான். வேடிக்கைக்காகச் செல்பவனே புதுத்தடம் போடுகின்றான். இலேசான வண்டி நிலத்துக்கும் இலேசாக இருத்தல் அதன் ஓட்டுநரின் நெஞ்சைப் பொறுத்தது.

2018 ஆம் ஆண்டு யூலையில் நான்காம் தலைமுறை ஜிம்னி வெளிவந்தபோது, இவ்வகை வண்டிகள் உலகெங்கும் 190 க்கு மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலுமாக 28 இலட்சத்துக்கு மேல் விற்பனையாகியிருந்தன. யப்பானுக்கென 658 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் ஒரு வகை, வெளிநாடுகளுக்கென 1,462 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 102 குதிரைவலுவும் கொண்ட மற்றொரு வகை. இரண்டும் ஒரு ரொன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையுடையவை. ஏணிச் சட்டமும் உறுதியான அச்சும் தாழ்ந்த கியரும் அப்படியே உள்ளன. வாங்க வந்தோர் வரிசையில் நின்றனர். பல நாடுகளில் ஓராண்டுக்கு மேலாகவும் காத்திருந்தனர். 2023 ஆம் ஆண்டு யூனில் இந்தியாவில் ஐந்து கதவுகளும் நீண்ட உடலும் உடைய ஜிம்னி விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்க விலை ஏறத்தாழ 12.74 இலட்சம் இந்திய ரூபா. அங்கே செய்யப்பட்ட அவ்வண்டி 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யப்பானில் அறிமுகமானபோது, நான்கே நாட்களில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கேட்டுவிட்டனர்; மேற்கொண்டு பதிவுகளை ஏற்காமல் கம்பனி நிறுத்திவைத்தது.

இந்த ஆரவாரத்தின் நடுவே ஒரு கேள்வி எழுகின்றது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் மலைக்கிராமத்தவர்தாமா? அல்லர். அவர்களுட் பலர் நகரவாசிகள். சதுரமான முகமும் வட்டமான விளக்குகளும் அவர்களுக்கு அழகாகத் தோன்றுகின்றன. வண்டியின் தாழ்ந்த கியரை ஒருமுறையேனும் பூட்டாமலே சிலர் அதனை விற்றுவிடுதலும் கூடும். அழகை விரும்புதல் குற்றமன்று. ஆனால் கேட்போர் பெருகப் பெருக விலை ஏறுகின்றது. பழைய வண்டியும் புதிய வண்டியின் விலைக்கு விற்கப்படுகின்றது. அப்பொழுது முதலிற் பின்தள்ளப்படுபவன் எவனுக்காக அவ்வண்டி பிறந்ததோ அவனே. காட்டிலிருந்து விறகு இறக்குபவனும், பனியில் அடைபட்ட முதியவரை நாடிச் செல்லும் தாதியும் மீண்டும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பவேண்டிய நிலை வருமாயின், ஓனோ சடாவோவின் எண்ணம் பாதியிலேயே நின்றதாகும்.

ஆகையால் இவ்வண்டியின் வரலாற்றைப் பொறியியலின் வெற்றி என்று மட்டும் கொள்ளுதல் போதாது. எளியவரும் வாங்கட்டும் என்று ஒரு சட்டம் எல்லை வகுத்தது. அந்த எல்லைக்குள் எவ்வளவு செய்யலாம் என்று ஒரு சிறு கம்பனி துணிந்து பார்த்தது. விற்காது என்று பலர் கூறியபோது ஒருவர் அதனைக் காப்பாற்றினார். இம்மூன்றும் சேர்ந்தமையாலேயே இருபத்தைந்து குதிரைவலு மலையேறியது. இனிவரும் காலத்தில் மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் பெருகும். அவற்றின் மின்கலங்கள் பாரமானவை. பாரத்தைக் குறைத்து, விலையைக் குறைத்து, தார் வீதி முடியும் இடத்துக்கு அப்பாலும் செல்லவல்ல மின்வண்டியைச் செய்யப்போகின்றவர் யார்? அவருக்கும் பெரிய பட்டறையைவிடச் சிறிய அளவுகோல் ஒன்றே முதலில் தேவைப்படும். கடைசிக் குடிசையில் விளக்கேற்றிக் காத்திருப்பவர்க்கு வண்டியின் பெருமையால் ஆவதொன்றுமில்லை. அது தம் வாசலுக்கு வருமா என்பதே அவர்க்குக் கேள்வி.